வேகமும் மெய்யும்

விரைவை விரும்பாதார் யார்? பேருந்து விரைய வேண்டும். தேர்வு முடிவு விரைந்து வரவேண்டும். வீட்டு மேசைமேல் இருக்கும் கணிப்பொறியும் விரைந்து ஓட வேண்டும். தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்த வேகத்தைக் கடந்து பிராசசரையும் நினைவகத்தையும் முடுக்கி ஓட்டுவதற்கு ‘ஓவர்கிளாக்கிங்’ என்று பெயர். அது குற்றமன்று. ஆனால் அவ்வாறு முடுக்கிய பொறி, நீலத்திரை காட்டியோ உறைந்தோ திடீர் திடீரென்று நின்றுபோகும்போது நாம் எதைச் சந்தேகிக்கிறோம்? விண்டோசைச் சந்தேகிக்கிறோம், வைரசைச் சந்தேகிக்கிறோம், விளையாட்டை எழுதியவரைத் திட்டுகிறோம். கூட்டி வைத்த வேகத்தை மட்டும் சந்தேகிப்பதில்லை. இது முறையன்று என்பதே என் கருத்து.

முதலில் பொறியின் இயல்பைக் காண்போம். 1998-ஆம் ஆண்டு இன்டெல் நிறுவனம் ‘செலரான் 300ஏ’ என்னும் பிராசசரை வெளியிட்டது. 66 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைத் துடிப்பை நாலரையால் பெருக்கி வந்ததே அதன் 300 மெகாஹெர்ட்ஸ் வேகம். அடிப்படைத் துடிப்பை 100 ஆக்கியபோது அந்தப் பிராசசர்களில் பல 450-இல் ஓடின. குறைந்த விலைக்கு வாங்கி, கூடுதல் விலைக்குரிய வேகத்தைப் பெற்ற மகிழ்ச்சியில் பலர் இக்கலையில் இறங்கினர். ஆனால் தயாரிப்பாளர் விட்டு வைத்த அந்த இடைவெளி வீணானதன்று. கோடை வெப்பத்திற்காகவும், மின்சார ஏற்றத்தாழ்விற்காகவும், பொறி முதுமையடைவதற்காகவும் விட்டு வைத்த இடைவெளி அது.

இன்றைய பிராசசர் 5 கிகாஹெர்ட்சில் ஓடுகிறதென்றால், நொடிக்கு 500 கோடித் துடிப்புகள். ஒரு துடிப்பின் நேரத்தில் ஒளிகூட 6 சென்டிமீட்டர்தான் செல்லும். அதற்குள் மின்குறி தன் இடத்தைச் சேர்ந்தாக வேண்டும். சேராவிட்டால் 1 என்பது 0 ஆகப் படிக்கப்படும். இப்பிழை எப்போதும் நேர்வதில்லை. குறிப்பிட்ட கணக்கு, குறிப்பிட்ட வெப்பம், குறிப்பிட்ட மின்னழுத்தம் மூன்றும் கூடும்போதே நேர்கிறது. காரணமற்றதுபோல் தோன்றும் நின்றுபோதலின் மர்மம் இதுதான். வேகத்தோடு மின்னழுத்தத்தையும் கூட்டுவோர் இன்னொன்றை எண்ண வேண்டும். செலவாகும் மின்திறன் வேகத்திற்கு நேராகவும், மின்னழுத்தத்தின் இருபடிக்கு நேராகவும் உயரும். இரண்டையும் 10 விழுக்காடு கூட்டினால் மின்திறன் ஏறத்தாழ 33 விழுக்காடு கூடும்; அவ்வளவும் வெப்பமாகும். மார்கழியில் அமைதியாக ஓடிய பொறி, அக்கினி நட்சத்திரத்தில் தடுமாறினால் வியப்பென்ன?

பிழைச் செய்தியை நம்பலாமே என்பீர்கள். அதுவும் திசை திருப்பும். மைக்ரோசாப்ட் நிரலாளர் ரேமண்ட் சென் 2005-இல் ஓர் அனுபவத்தை எழுதினார். வந்து சேர்ந்த பிழை அறிக்கைகளில் சில, பிழைபடவே வழியில்லாத கட்டளையில் பொறி நின்றதாகக் கூறின. பதிவகம் ஒன்றைச் சுழியாக்கு என்பது போன்ற எளிய கட்டளை! விசாரித்தபோது ஓவர்கிளாக்கிங் வெளிப்பட்டது. 2024-இல் இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறைப் பிராசசர்கள் சிலவற்றில், விளையாட்டைத் தொடங்கினால் ‘வரைகலை அட்டையின் நினைவகம் போதவில்லை’ என்ற செய்தி வந்தது. வரைகலை அட்டையோ நலமாக இருந்தது, குற்றவாளி பிராசசரே. நோய் ஓரிடம், வலி ஓரிடம்!

ஊகம் வேண்டாம், எண்ணிக்கை வேண்டும் என்பார்க்கும் விடை உண்டு. ஏறத்தாழ 10 இலட்சம் கணிப்பொறிகளின் பழுதுகளை ஆராய்ந்து மைக்ரோசாப்ட் ஆய்வாளர்கள் 2011-இல் கட்டுரை வெளியிட்டனர். ஒரு முறை பிராசசர் கோளாறால் நின்ற பொறி மறுமுறையும் நிற்கும் வாய்ப்பு பன்மடங்கு அதிகம் என்று கண்டனர். வேகம் கூட்டியவை அதிகமாகப் பழுதுபட்டன; குறித்த வேகத்தினும் குறைவாக ஓடியவை மேலும் நம்பகமாக இருந்தன. ஆகவே ‘ஒரு முறைதானே நின்றது, போகட்டும்’ என்று விடுவது அறிவுடைமையன்று.

அப்படியானால் செய்யத்தக்கது யாது? முதலில் பயாசைத் தொழிற்சாலை அமைப்பிற்கே திருப்ப வேண்டும். நினைவகத்தின் ‘எக்ஸ்எம்பி’, ‘எக்ஸ்போ’ அமைப்புகளையும் அணைக்க வேண்டும். அவையும் ஓவர்கிளாக்கிங்கே என்பதைப் பலர் உணர்வதில்லை. பிறகு பொறுமை. இரண்டு நாளுக்கு ஒருமுறை நிற்கும் பொறி ஒரு நாள் ஓடியதால் எதுவும் மெய்ப்படவில்லை. ஒரு வாரமாவது பார்க்க வேண்டும். நிற்காமல் ஓடினால் குற்றவாளி அகப்பட்டான். வேகத்தை மீண்டும் கூட்ட விரும்புவோர் ஒவ்வொன்றாகக் கூட்டட்டும். நினைவகத்தை ‘மெம்டெஸ்ட்86’ கொண்டு இரவு முழுதும், பிராசசரை ‘பிரைம்95’ கொண்டு பல மணி நேரம் சோதிக்கட்டும். தொழிற்சாலை அமைப்பிலும் நின்றால், தூசி, மின்விசிறி, பவர் சப்ளை ஆகியவற்றைப் பார்த்து, நினைவகத் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும். இவை எதையும் செய்யாமல் விண்டோசை மீண்டும் நிறுவுவோர், பழுதான நினைவகத்தின் வழியே பழுதான கோப்புகளைப் புதிதாக எழுதிக்கொள்ளக் கூடும்.

“என் பணம், என் பொறி, நின்றால் மறுபடி போட்டுக்கொள்கிறேன்” என்பது ஒரு வாதம். விளையாட்டுக்கு மட்டும் பயன்படும் பொறி என்றால் எனக்கும் உடன்பாடே. ஆனால் நின்றுபோவது பொறி செய்யும் தீமைகளில் சிறியது. பெரியது, நிற்காமல் தவறுவது. அளவு கடந்து ஓடும் பொறி வாய் திறவாமல் தவறான எண்ணைக் கோப்பில் எழுதிவிட்டால், ஆய்வேட்டின் அட்டவணையும் குடும்பப் புகைப்படமும் கெட்டது பல மாதம் கழித்தே தெரியும். 1996-இல் தொடங்கிய மெர்சென் பகா எண் தேடலில், ஓர் எண்ணைப் பற்றி ஒரு கணிப்பொறி தந்த விடையை மறுமுறை கணக்கிட்டு ஒத்துப்பார்ப்பது பல ஆண்டுகள் வழக்கமாக இருந்தது. வேகத்தை நேசித்தவர்களே சரிபார்க்கப்படாத விடையை விடையென்று ஏற்கவில்லை.

குற்றம் எப்போதும் உடையவரிடமே என்றும் சொல்லேன். 2024-ஆம் ஆண்டுக் கோளாற்றில், எதையும் தொடாதவர்களும் துன்புற்றனர். பிராசசர் கேட்ட மின்னழுத்தம் அளவு மீறியது என்று இன்டெல்லே ஒப்புக்கொண்டு, திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தை இரண்டாண்டு நீட்டித்தது. மதர்போர்டு செய்வோர் சிலர் மின்வரம்புகளைத் தாமாகவே தளர்த்தி வைத்திருந்தனர். ஆகவே ‘நீ என்ன செய்தாய்?’ என்பதினும், ‘இப்பொறியில் என்ன மாற்றப்பட்டிருக்கிறது?’ என்பதே நேர்மையான முதற்கேள்வி. அக்கேள்விக்கு விடை எழுத்தில் இருக்க வேண்டும். ரிச்சித் தெருவில் பாகங்களை வாங்கிப் பூட்டித் தரச்சொல்லும் மாணவனுக்கு, எந்த வேகம் எவ்வளவு கூட்டப்பட்டது என்று கடைக்காரர் பில்லிலேயே எழுதித் தரவேண்டும். தாமே கூட்டுவோரும் ஒரு குறிப்பேட்டில் நாளிட்டு எழுதி வைக்கட்டும். நிரலை எழுதியவருக்குப் புகார் அனுப்புமுன், தொழிற்சாலை வேகத்திலும் அப்பிழை வருகிறதா என்று பார்ப்பது நாகரிகம்.

நண்பர்களே! வேகத்தைக் கூட்டுவது எளிது. பயாசில் ஓர் எண்ணை மாற்றினால் போதும். கூட்டிய பின்னும் விடை மெய்தானா என்று சோதிக்கும் பொறுமையே அரிது. அப்பொறுமை உடையவர் கூட்டட்டும். இல்லாதவர் குறித்த வேகத்திலேயே ஓட்டட்டும். தவறான விடையை விரைந்து தருவது வேகமாகாது.