வானில் பறப்பவரும் மண்ணில் நிற்பவரும்

நுழையும்முன்

மின்னும் உடை, முகத்தை மறைக்கும் மூடி, தோளிலிருந்து வழியும் நெடுந்துகில், மலையையும் பெயர்க்கும் வலிமை: மீநாயகர் என்றதும் நம் மனக்கண்ணில் எழும் உருவம் இது. 'சூப்பர் ஹீரோ' என்று மக்கள் அழைக்கும் இவர்கள் படக்கதை இதழ்களில் பிறந்தனர். வானொலி, தொலைக்காட்சி, திரைப்படம், கணினி விளையாட்டு எனப் பல வடிவெடுத்துத் தலைமுறைகளைக் கடந்து வாழ்கின்றனர். இவர்களின் புகழ் ஏன் மங்கவில்லை? இக்கதைகளில் நாம் கொள்ளத்தக்கது எது, தள்ளத்தக்கது எது? இவ்வினாக்களை ஆராய்கிறது இப்பாடம்.

பசிக்காலத்தில் பிறந்தவர்

1929ஆம் ஆண்டில் தொடங்கிய பெரும் பொருளாதார வீழ்ச்சி அமெரிக்காவை உலுக்கியது. ஆலைகள் மூடப்பட்டன, வங்கிகள் நொடித்தன, இலவச ரொட்டிக்காக மக்கள் நீண்ட வரிசையில் நின்றனர். அக்காலத்தில் கிளீவ்லாந்து நகரின் பள்ளி ஒன்றில் பயின்றவர்கள் ஜெர்ரி சீகல், ஜோ சூஸ்டர் என்னும் நண்பர்கள். ஒருவர் எழுதுவார்; மற்றவர் வரைவார். இருவரும் ஐரோப்பாவிலிருந்து குடிபெயர்ந்த எளிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகள்.

1933இல் அவர்கள் முதலில் படைத்த 'சூப்பர்மேன்' நல்லவன் அல்லன். ரொட்டி வரிசையில் நின்ற ஏழை ஒருவனுக்கு அறிவியலறிஞர் ஒருவர் புதுமருந்து ஒன்றைக் கொடுக்கிறார். அதனால் பிறர் மனத்தை அறியும் ஆற்றல் பெற்ற அவன் உலகையே அடக்கியாள முனைகிறான். ஆற்றல் வடிந்ததும் பழைய வரிசைக்கே திரும்புகிறான். இக்கதை பரவலான கவனத்தைப் பெறவில்லை. நண்பர்கள் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு பாத்திரத்தை முற்றிலும் மாற்றினர். 1938இல் 'ஆக்சன் காமிக்ஸ்' முதல் இதழில் புதிய சூப்பர்மேன் தோன்றினார்.

அவர் அப்போது செய்தவை கருதத்தக்கன. மனைவியை அடிக்கும் கணவனை ஒறுத்தார். செய்யாத கொலைக்காக மரண தண்டனையை எதிர்நோக்கியிருந்த பெண்ணைக் காத்தார். மூன்றாம் இதழில், பாதுகாப்பற்ற சுரங்கத்தில் தொழிலாளரை இறக்கிய முதலாளியையே அச்சுரங்கத்துள் சிக்கவைத்து, அவர்கள் படும் இடரை உணர்த்தினார். அன்றைய வாசகர் தம் தெருவிலும் செய்தித்தாளிலும் கண்ட அநீதிகளே இவை. எளியோரின் ஏக்கத்திற்கு ஒருவர் விடை சொன்னார். அதனால் அவரை மக்கள் தம்மவராக ஏற்றனர்.

ஆற்றலுக்கு அணை

மீநாயகர் புகழுக்குத் திரைத் தொழில்நுட்பமே காரணம் என்பர் சிலர். வியப்பூட்டும் காட்சிகள் கூட்டத்தை ஈர்ப்பது உண்மை. ஆயினும் 1938இல் மலிவான தாளில் எளிய கோடுகளால் அச்சான படங்களையே இலட்சக்கணக்கானோர் விரும்பிப் படித்தனர். காட்சியின் புதுமை சில ஆண்டுகளில் பழகிவிடும்; பாத்திரமோ நிலைத்து நிற்கிறது. எனவே காரணத்தை வேறிடத்தில் தேடவேண்டும்.

எல்லாம் வல்லவருக்குக் கதை இல்லை. வெல்வார் என்பது முன்பே தெரிந்தால் கேட்பவர்க்கு ஆர்வம் எங்ஙனம் பிறக்கும்? சூப்பர்மேனை வலுவிழக்கச் செய்யும் கிரிப்டோனைட் என்னும் கனிமம், 1943இல் அவர்தம் வானொலித் தொடரில் அறிமுகமாயிற்று. அவர் வலிமைக்கு ஓர் எல்லை பிறந்தது. கதைக்கு உயிர் கூடியது. கண்ணாடி அணிந்து, அலுவலகத்தில் பிறர் எள்ளலைப் பொறுத்துக்கொள்ளும் செய்தியாளர் கிளார்க் கென்ட்டும் அவரே. 'என்னுள்ளும் பிறர் அறியாத ஒருவர் இருக்கிறார்' என்று எண்ணாத இளையோர் உண்டோ?

1962இல் ஸ்டான் லீ, ஸ்டீவ் டிட்கோ ஆகியோரின் படைப்பாக வெளிவந்த ஸ்பைடர்மேன் இன்னும் ஒருபடி நெருங்கி வந்தார். அவர் பள்ளி மாணவர். சிலந்தி கடித்துப் பெற்ற ஆற்றலை முதலில் பணத்திற்கும் புகழுக்குமே பயன்படுத்துகிறார். தப்பியோடும் திருடன் ஒருவனைப் பிடிக்க முடிந்தும், 'எனக்கென்ன' என்று விட்டுவிடுகிறார். பின்னர் அவனே தம்மை வளர்த்த, தந்தையின் உடன்பிறந்தாரைக் கொன்றவன் என அறிந்து நொறுங்குகிறார். அந்தக் குற்றவுணர்விலிருந்தே நாயகர் பிறக்கிறார்.

தமிழ் வாசகர்க்கு நெருக்கமான இரும்புக்கை மாயாவியின் கதையும் இத்தகையதே. 1972இல் சிவகாசியிலிருந்து வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸ், பிரித்தானிய இதழில் வந்த இக்கதையையே தன் முதல் இதழாகத் தந்தது. உடலில் மின்சாரம் பாய்ந்தால் மாயாவியின் உருவம் மறையும். இரும்புக்கை மட்டும் கண்ணுக்குத் தெரியும். இவ்வாற்றல் வாய்த்ததும் அவர் முதலில் இறங்கியது குற்றச்செயல்களில். பிறகே நல்வழி திரும்பினார்.

பெற்ற ஆற்றலை எதற்குப் பயன்படுத்துவது என்னும் ஒரே வினாவை இக்கதைகள் அனைத்தும் எழுப்புகின்றன. கல்வி, செல்வம், பதவி, உடல்வலிமை என ஏதேனும் ஓர் ஆற்றல் நம் ஒவ்வொருவரிடமும் உண்டு. ஆதலால் அவ்வினா நமக்கும் உரியதாகிறது. மீநாயகரின் நீண்ட வாழ்வுக்கு இதுவே வேர் என்பது என் கருத்து.

காத்திருத்தல் என்னும் தீங்கு

இக்கதைகளில் மறுக்கவேண்டிய கூறும் உண்டு. இடர் வரும்போது நகர மக்கள் அண்ணாந்து பார்த்து நிற்கின்றனர். ஒருவர் வந்து அனைத்தையும் சரிசெய்கிறார். வழக்கு இல்லை, சான்று இல்லை. குற்றவாளி யார் என்பதை நாயகரே முடிவுசெய்து அவரே ஒறுக்கிறார். கதையில் அவர் பிழை செய்யாதபடி ஆசிரியர் பார்த்துக்கொள்கிறார். வாழ்வில் அத்தகைய ஆசிரியர் எவரும் இல்லை. அளவற்ற அதிகாரத்தை ஒருவர் கையில் ஒப்படைத்துவிட்டு மீட்புக்காகக் காத்திருக்கும் மனநிலை, மக்களாட்சிக்கு ஏற்றதன்று.

இதற்குச் சான்று தேடி வேறெங்கும் செல்லவேண்டா. சூப்பர்மேனைப் படைத்தோரின் வாழ்வே போதும். அவர்கள் தம் படைப்பின் உரிமையை 130 டாலருக்குப் பதிப்பகத்திடம் எழுதிக்கொடுத்தனர். நாயகர் பெரும்பொருள் ஈட்டினார். உரிமை கேட்டு வழக்காடிய படைப்பாளர்களின் பெயர்களோ கதைகளிலிருந்து நீக்கப்பட்டன. 1975இல் சீகல் எழுத்தர் வேலை பார்த்துவந்தார். சூஸ்டர் பார்வை மங்கி, உடன்பிறந்தாரின் ஆதரவில் வாழ்ந்தார். எளியோரைக் காக்க அவர்கள் படைத்த நாயகரால் அவர்களைக் காக்க இயலவில்லை.

காத்தவர்கள் மனிதர்கள். சீகல் தம் நிலையைச் செய்தி ஊடகங்களுக்கு வெளிப்படையாக எழுதினார். நீல் ஆடம்ஸ், ஜெர்ரி ராபின்சன் முதலிய ஓவியர்கள் அவர்களுக்காகக் குரல் கொடுத்தனர், ஓவியர் சங்கம் துணைநின்றது, செய்தியாளர் எழுதினர், மக்கள் கேட்டனர். அவ்வாண்டின் இறுதியில் இருவருக்கும் ஆண்டுக்கு 20,000 டாலர் வழங்க நிறுவனம் இசைந்தது. படைத்தவர் பெயர்கள் மீண்டும் அச்சேறின. 10 சென்ட் விலையில் விற்ற அம்முதல் இதழின் படி ஒன்று 2024இல் 60 இலட்சம் டாலருக்கு ஏலம் போனது. அத்தொகையைவிட, முதிய வயதில் இருவருக்குத் தம் பெயரை மீட்டுத்தந்த அந்தக் கூட்டுமுயற்சியே பெரிது.

நாம் கொள்ளத்தக்கது

மீநாயகர் கதைகளை நாம் மகிழ்ந்து படிக்கலாம். திரையில் கண்டு களிக்கலாம். அவை எழுப்பும் வினாவையும் நம்முடன் எடுத்துவர வேண்டும். வகுப்பில் ஒருவர் எள்ளப்படும்போது, பேருந்தில் முதியவர் தடுமாறும்போது, ஊரின் நீர்நிலையில் குப்பை கொட்டப்படும்போது, பறந்துவர எவரும் இல்லை. அங்கே நிற்பவர் நாமே. நம் ஒருவரால் இயலாததைச் சேர்ந்து கேட்கும் பலரால் செய்ய இயலும். முறையிடவும் வாக்களிக்கவும் வழக்காடவும் சட்டம் நமக்கு வழி தந்துள்ளது. இவ்வழிகள் மெதுவானவை, எனினும் பிழை நேர்ந்தால் திருத்திக்கொள்ள இடந்தருபவை.

கற்பவை கற்றபின்...

1. நீங்கள் விரும்பும் மீநாயகர் ஒருவரின் ஆற்றலையும் குறையையும் பட்டியலிட்டு, அவற்றுள் அவரை உங்களுக்கு நெருக்கமாக்குவது எது எனக் கலந்துரையாடுக.
2. உங்கள் ஊரில் பலர் ஒன்றுகூடித் தீர்த்த சிக்கல் ஒன்றைப் பெரியோரிடம் கேட்டறிந்து, ஒரு பக்கப் படக்கதையாக உருவாக்குக.