குட்டி யானைக்கு எங்கே சார்ஜ் போடுவது?

"ஏன்டா, இன்ஜினியரிங் படிக்கிற இல்ல? இந்த கரண்டு வண்டி வாங்கலாமா வேணாமா, ஒரு வார்த்தை சொல்லு."

பொங்கல் லீவில் மாமா கேட்டார். மாமல்லபுரத்தில் வாடகைக்கு ஓடும் டீசல் குட்டி யானை அவருடையது. கல் சிலை, ஐஸ் பெட்டி, வீடு மாற்றும் சாமான், எது கிடைத்தாலும் ஏற்றிக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு போய் வருவார். போக வர 60 கி.மீ. "வாங்குங்க மாமா" என்று வாய் வரைக்கும் வந்தது. கணக்குப் போட்ட பிறகு சொல்லவில்லை.

மோட்டார் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 யூனிட் ஆற்றல் இருக்கிறது. மாமா வண்டி லோடோடு 18 கி.மீ. தருகிறது, கி.மீ.க்கு 0.55 யூனிட். அதில் பெரும்பங்கு ரேடியேட்டர், சைலன்சர் வழியாகச் சூடாகவே போய்விடுகிறது. டாடா 2022-இல் அறிமுகம் செய்த ஏஸ் இ.வி.யில் 21.3 யூனிட் பேட்டரி. சான்றிதழில் 154 கி.மீ. லோடு, வெயில், நம்ம ஆட்கள் ஓட்டும் விதம் எல்லாம் சேர்த்து 100 என்றே வைப்போம். சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து பிளக்கிலிருந்து 24 யூனிட் இழுக்கும். கி.மீ.க்கு 0.24. பாதிக்கும் குறைவு! மறைமலை நகர் லோடு கிடைத்து பரனூர் டோலில் நின்றாலும் மோட்டார் சும்மா எரிக்காது. பிரேக் போட்டால் கொஞ்சம் பேட்டரிக்கே திரும்பி வரும். (ஈ.சி.ஆர். காலியாக இருக்கிறதே என்று 50-க்குப் பதில் 70-இல் மிதித்தால், காற்றைத் தள்ளும் செலவு மட்டும் கி.மீ.க்கு இரண்டு மடங்காகும். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் வகுப்பில் தூங்கியவர்களுக்காக.)

காசு வேற கதை. டீசல் 92 ரூபாய் என்றால் கி.மீ.க்கு 5 ரூபாய் சொச்சம். யூனிட் 10 ரூபாய்க்கு சார்ஜ் கிடைத்தால் 2.40. அதையே ஃபாஸ்ட் சார்ஜரில் 20 ரூபாய் கொடுத்து ஏற்றினால் 4.80. ஆதாயம் போச்சு. மாமா இருப்பது வாடகை வீடு, வண்டி நிற்பது தெருவில். தண்ணி மோட்டார் போடவே கணக்குப் பார்க்கும் ஹவுஸ் ஓனர் வண்டிக்கு லைன் தருவாரா?

தந்தாலும் 60 கி.மீ. வீதம் 300 நாளைக்கு மிச்சம் சுமார் 48,000 ரூபாய். வண்டி விலை 3 லட்சம் கூட என்று வைத்தால், வட்டி இல்லாமலே ஆறு வருஷம். தினமும் 120 கி.மீ. ஓடினால் மூன்று வருஷம்தான். ஆனால் 120 ஓட நடுவில் ஒருமுறை சார்ஜ் போட்டாக வேண்டும்.

இங்கேதான் என் கோபம். ஈ.சி.ஆரில் நான் பார்த்த சார்ஜர்கள் எல்லாம் ஹோட்டல் வாசலில், காருக்காக. மாமா மாதிரி ஆட்கள் ஒரு லோடு முடித்துவிட்டு ஸ்டாண்டில் மூன்று மணி நேரம் சும்மா காத்திருக்கிறார்கள். அங்கே மீட்டரோடு ஒரு 15 ஆம்ப் பிளக் இருந்தால் 9 யூனிட் ஏறும், 35 கி.மீ. ஓடலாம். ஃபாஸ்ட் சார்ஜரே வேண்டாம். அதுவும் பகல் நேரம், சோலார் மின்சாரம் மிகுதியாக வரும் நேரம். காலை 9 முதல் மாலை 4 வரை சார்ஜிங் நிலையங்களுக்கு விலையைக் குறைக்கச் சொல்லி மத்திய மின் அமைச்சகத்தின் வழிகாட்டுதலே இருக்கிறது.

2025 ஜூலையில் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் மின் லாரிக்கு 9.6 லட்சம் வரை மானியம் அறிவித்தார்கள். 3.5 டன்னுக்கு மேல் உள்ள வண்டிக்கு மட்டும்தான். பெரிய லாரிதான் அதிகம் புகை விடுகிறது, அது நியாயம். ஆனால் ஒரே வண்டியை வைத்துக் குடும்பம் நடத்துபவருக்கு மானியத்தைவிட முதலில் தேவை அந்த பிளக். நம்ம டிபார்ட்மெண்டில் வருஷா வருஷம் ஐ.ஓ.டி. சார்ஜர் ப்ராஜெக்ட் செய்கிறோம். வைவா முடிந்ததும் பீரோவுக்குள் போய்விடுகிறது. அதில் ஒன்றை, பஞ்சாயத்திலோ பேரூராட்சியிலோ பேசி அனுமதி வாங்கி, ஒரு ஸ்டாண்டில் மாட்டிப் பார்க்கலாமே?

மாமா இப்போதைக்கு டீசல் வண்டிக்கே எஃப்.சி. காட்டிவிட்டார். அடுத்த எஃப்.சி.க்குள் ஸ்டாண்டில் பிளக் வந்தால் திரும்பக் கணக்குப் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.