தாயின் துயரும் வணிகரின் கத்தியும்

குருதி சிந்துவதாலேயே ஒரு கதை இழிந்ததாகிவிடாது. காப்பியங்களிலும் குருதி உண்டு. சிந்திய குருதிக்குக் கதை என்ன கணக்குச் சொல்கிறது என்பதே வினா. 1980ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் வெளியான ‘பிரைடே தி தர்ட்டீன்த்’ என்னும் திரைப்படத்தின்முன் அவ்வினாவை நாம் வைக்கிறோம்.

“குறைந்த செலவில் எடுத்து நிறைந்த பொருள் ஈட்டிய படம், வெறும் பொழுதுபோக்கு, இதற்கு ஏன் ஆராய்ச்சி?” என்பர் அதன் அன்பர்கள். செலவு ஏறத்தாழ ஐந்தரை இலட்சம் டாலர். அமெரிக்க வசூலோ 4 கோடியை நெருங்கியது. சிக்கனம் குற்றமன்று. ஆனால் திரைக்கதை முடியுமுன்னரே, 1979இல், இயக்குநர் ஷான் கன்னிங்ஹாம் ‘வெரைட்டி’ இதழில் முழுப்பக்க விளம்பரம் தந்துவிட்டார். பிள்ளை பிறக்குமுன் பெயர்சூட்டு விழா!

அவ்வாறு பிறந்த கதையிலும் விழுமிய கரு ஒன்று அமைந்தது என்பதே வியப்பு. 1957இல் ஏரிக்கரைக் கோடை முகாம் ஒன்றில் ஜேசன் என்னும் சிறுவன் நீரில் மூழ்குகிறான். காக்க வேண்டிய இளைஞர்கள் காதலில் தம்மை மறந்திருந்தனர். அங்கே சமையல் வேலை செய்தவள் அவன் தாய். பல்லாண்டுகள் கழித்து முகாமை மீண்டும் திறக்க வந்தோரை அவளே கொல்கிறாள்.

பிள்ளைகளைப் பிறர் பொறுப்பில் விட்டுப் பணிக்குச் செல்லும் நம்போன்றோர்க்கு இது நெஞ்சைப் பிளக்கும் செய்தியன்றோ? படமோ அத்துயரை இறுதிவரை ஒளித்துவைத்து, ‘கொலையாளி யார்’ என்னும் புதிருக்கு விடையாக மட்டும் பயன்படுத்திக்கொண்டது. டாம் சாவினியின் ஒப்பனைத் திறம் காயங்களைச் செதுக்கிற்று. மனங்களைச் செதுக்க எவரும் முன்வரவில்லை.

கண்ணகியும் இழப்பால் கனன்றவளே. எனினும் அவள் முதலில் அரசவை ஏறி வழக்குரைத்தாள். சிலம்பை உடைத்துச் சான்று காட்டினாள். தீயை ஏவியபோதும் முதியோரையும் குழவியரையும் விலக்கினாள். சினத்திற்கும் ஓர் அறம் உண்டு. இங்கோ, சிறுவன் மூழ்கிய நாளில் அங்கில்லாத இளைஞர்கள் ஒவ்வொருவராக மாள்கின்றனர். அவர்களுக்காக நின்று அழக் கதை ஒரு நொடியும் ஒதுக்கவில்லை.

இதனினும் பெருங்கொடுமை 1981இல் நேர்ந்தது. இரண்டாம் படத்தில் ஜேசன் உயிரோடு வந்து கத்தி ஏந்தினான். அவன் சாகவில்லையெனில் தாய் அழுத கண்ணீருக்குப் பொருள் என்ன? 1984இல் ‘இறுதி அத்தியாயம்’ என்றே பெயரிட்டு ஒரு படம் விட்டனர். 1985இல் அடுத்ததும் வந்தது. வணிகருக்கு இறுதி ஏது?

தடைவிதிக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. திறனாய்வாளர் ஜீன் சிஸ்கெல் கொலையாளி யாரென்பதை வேண்டுமென்றே வெளியிட்டுப் பார்த்தார், கூட்டம் குறையவில்லை. விலக்கப்பட்ட கனிக்கே சுவை மிகுதி. இன்று இத்தகைய படங்கள் நம் பிள்ளைகளின் கைப்பேசிக்கே வந்துவிடுகின்றன. பிடுங்குவதால் பயனில்லை. அருகில் அமர்வோம், “மாண்டவர்க்காக இக்கதையில் அழுதவர் யார்?” என்று கேட்போம். அக்கேள்வியைத் தாமே கேட்கப் பழகிய பிள்ளையை எந்தக் கத்தியும் ஏமாற்றாது.