போர் மூண்டும் முறியாத மீன் ஒப்பந்தம்: வடதுருவம் சொல்லும் பாடம்

2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்தபோது அதன் அதிர்வு வடதுருவம் வரை சென்றது. அமெரிக்கா, கனடா, ரஷ்யா, நார்வே, டென்மார்க், ஸ்வீடன், பின்லாந்து, ஐஸ்லாந்து ஆகிய எட்டு நாடுகள் 1996ல் உருவாக்கியது ஆர்க்டிக் கவுன்சில். ராணுவ விவகாரங்களை இங்கே பேசுவதில்லை என்று தொடக்கத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். அப்படியிருந்தும், ரஷ்யா நீங்கலான ஏழு நாடுகளும் கவுன்சிலின் பணிகளை நிறுத்தி வைத்தன. பிறகு படிப்படியாக ஆய்வுக் குழுக்களின் வேலை மட்டும் மீண்டும் தொடங்கியது.

ஆனால் அதே பகுதியில் ஓர் ஏற்பாடு மட்டும் முறியவில்லை. அது நார்வேக்கும் ரஷ்யாவுக்கும் இடையிலான கூட்டு மீன்பிடி ஆணையம்.

நார்வே 1949 முதல் நேட்டோ உறுப்பு நாடு. ரஷ்யாவுடன் சுமார் 198 கி.மீ. நில எல்லையும் அதற்கு உண்டு. பனிப்போர்க் காலத்தில், 1975ல் இரு நாடுகளும் மீன்பிடி ஒப்பந்தம் செய்துகொண்டன. பேரண்ட்ஸ் கடலில் எல்லை எது என்ற தகராறு அப்போது தீரவில்லை. சுமார் 1,75,000 சதுர கி.மீ. பரப்புக்கான அந்தத் தகராறு 2010ல்தான் மூர்மன்ஸ்க் நகரில் கையெழுத்தான உடன்படிக்கையால் முடிவுக்கு வந்தது. எல்லை முடிவாகும் வரை மீனுக்காகக் காத்திருக்கவில்லை என்பதே இதில் கவனிக்க வேண்டியது.

காரணம் எளிது. காட் மீன் நார்வேயின் லொஃபோட்டன் தீவுகளை ஒட்டி முட்டையிடுகிறது. குஞ்சுகள் நீரோட்டத்தோடு பேரண்ட்ஸ் கடலுக்குச் சென்று, ரஷ்யப் பகுதியிலும் வளர்கின்றன. ஒருவர் குஞ்சுகளை அள்ளினால் மற்றவருக்கு மீன் இல்லை. ஒருவர் தாய்மீனை அழித்தால் இருவருக்குமே இல்லை.

2022ல் நார்வே ரஷ்யக் கப்பல்களுக்குத் துறைமுகங்களை மூடியது. மீன்பிடிக் கப்பல்களுக்கு மட்டும் மூன்று துறைமுகங்களைத் திறந்து வைத்தது. சர்வதேச கடலாய்வு அமைப்பில் ரஷ்யாவின் பங்கேற்பு நிறுத்தப்பட்டபோது, இரு நாட்டு விஞ்ஞானிகளே கூடி மீன்வளத்தைக் கணக்கிட்டனர். 2025க்கான காட் மீன் அளவு 25 சதவீதம் குறைக்கப்பட்டு 3,40,000 டன் ஆனது. 1991க்குப் பிறகு அதுவரை இல்லாத அளவுக்கு அது குறைவாக இருந்தது. நட்பு கசந்த காலத்திலும் இந்தக் கசப்பான முடிவை இருவரும் சேர்ந்தே எடுத்தனர்.

இது ரஷ்யாவின் ஆக்கிரமிப்பை நியாயப்படுத்தாது. பொருளாதாரத் தடைகளால் இந்த ஏற்பாடும் நெருக்கடியைச் சந்தித்து வருகிறது. ஆனால் பகைவனோடு செய்த உடன்படிக்கையும் உடன்படிக்கையே என்பதை ஹுதைபிய்யாவை அறிந்த நமக்கு விளக்க வேண்டியதில்லை. யூப்ரடீஸ் நதியைப் பகிரும் துருக்கி, சிரியா, ஈராக் ஆகிய மூன்று அண்டை முஸ்லிம் நாடுகளுக்கும் பொதுவான, முழுமையான நீர்ப் பங்கீட்டு ஒப்பந்தம் ஒன்று இதுவரை இல்லை. அரசியல் சச்சரவுகள் எல்லாம் தீர்ந்த பிறகே தண்ணீரைப் பற்றிப் பேசுவோம் என்று காத்திருந்தால் வறண்டு போவது விவசாயியின் வயல்தான். பகையை ஓரமாக வைத்துவிட்டு, பகிர வேண்டியதை முதலில் பேசித் தீர்க்க முடியும் என்பதற்கு வடதுருவக் கடல் சாட்சியாக இருக்கிறது.