அவசரமில்லை ஐயா

மாநாட்டுக்குப் போய்வந்த விவரத்தை எழுதித் தரும்படி நம் இதழாசிரியர் மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். விவரம் என்றால் யார் தலைமை, யார் வரவேற்புரை, எத்தனை பேருக்குப் பொன்னாடை என்பதுதானே? அதில் எதுவும் எனக்கு நினைவில்லை. முதல் நாள் மதியம் வத்தக்குழம்பு நன்றாக இருந்தது. மற்றபடி அந்த இரண்டு நாளும் என்னோடு கூடவே இருந்தது ஒரு பயம்தான். அதைப் பற்றி எழுதுகிறேன். ஆசிரியர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

புதிய அன்பர்களுக்காக என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. என் ஊர் நகரி. ரேணிகுண்டா - அரக்கோணம் ரயில் பாதையில், விசைத்தறிச் சத்தம் ஓயாத ஊர். 1953-ல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு நாங்களும் அந்தப் பக்கம் போனோம். ம.பொ.சி. போன்றவர்கள் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பலனாக 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. சில ஸ்டேஷன் தள்ளியிருந்த நகரி சேரவில்லை. நான் பிறந்தது அதற்கு இரண்டு வருஷம் கழித்து. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, பின்னால் ஆபீஸ் ஃபைலில் ஆங்கிலம். பள்ளியில் தமிழ் படித்தது எட்டாவது வரைதான். சிவில் டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்து, குந்தக்கல் டிவிஷனில் தண்டவாளத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையிலேயே காலம் போயிற்று. கேங்மேன்களோடு வெயிலில் நடந்தபோது கேட்ட சங்கதிகளைத்தான், ஓய்வு பெற்ற பிறகு இந்த இதழில் ஏழெட்டுக் கதைகளாக எழுதினேன். நீங்கள் பொறுமையாகப் படித்தீர்கள்.

அதை நம்பி ஒரு எழுத்தாளர் மாநாட்டுக்கு அழைப்பு வந்தது. வெளிமாநிலத் தமிழர் அமர்வில் பத்து நிமிஷம், சொந்தக் கதை வாசிக்கலாம். தமிழ்நாட்டில் ஓர் ஊர். ஊர்ப் பெயர் வேண்டாம், அவர்கள் நல்லபடியாகத்தான் கவனித்தார்கள்.

வாசலில் ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், முகவரி, வெளிவந்த நூல்கள். மூன்றாவது கட்டத்தில் 'இல்லை' என்று எழுதியபோது பேனா சரியாக எழுதவில்லை. மேஜையில் இருந்த பையன் அதைப் பார்த்துவிட்டு 'பார்வையாளர்' என்ற அட்டையை எடுத்து என் கழுத்தில் மாட்டினான். அவன் மேல் தப்பில்லை. எனக்கும் அதுதான் பொருத்தம் என்று தோன்றியதால் மறுக்கவில்லை. பாலத்தின் மேல் ரயிலை நிறுத்திவிட்டு அடியில் இறங்கிப் பார்த்தவன் நான். அங்கே இல்லாத நடுக்கம் இங்கே எங்கிருந்து வந்தது என்று புரியவில்லை.

மாலையில் என் முறை. கதையில் ஒரு கேங்மேன். இரவு ரோந்தில் தண்டவாள விரிசலைக் கண்டுபிடித்து வண்டியை நிறுத்துகிறான். இன்ஜினியர் தன் பையிலிருந்து பணம் எடுத்துக் கொடுக்கிறார். அவன், "எனக்கு அவசரமில்லை ஐயா" என்கிறான். கதை அங்கே முடிகிறது.

வாசித்து முடித்ததும் தலைமை வகித்த பேராசிரியர் கேட்டார்: "அவசரமில்லை என்றால், பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்கிறானா?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் பொறி தட்டியது. தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. அவசரமில்லை என்றால் வேண்டாம், தேவையில்லை. எங்கள் வீட்டில் தமிழ் பேசும்போதும் அப்படித்தான் சொல்வோம். அனுமானம் என்பதைச் சந்தேகம் என்ற பொருளில் சொல்வோம், அதுவும் தெலுங்கு வழக்கம்தான். அறுபது வயதுவரை இது தமிழில் வேறு பொருள் தரும் என்று எனக்கு உறைக்கவே இல்லை. நான் விளக்கினேன். "ஐயா தெலுங்கில் யோசித்துத் தமிழில் எழுதியிருக்கிறார்" என்றார் பேராசிரியர். கூட்டம் சிரித்தது. கெட்ட சிரிப்பு அல்ல. ஆனால் சிரிப்பு வந்த திசையில் நிற்பவனுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

அன்றிரவே கிளம்பிவிட நினைத்தேன். எந்த வண்டி எத்தனை மணிக்கு என்பது மனப்பாடம். ஆனால் ரிசர்வேஷன் மறுநாள் இரவுக்குத்தான் இருந்தது. ரயில்வேக்காரன் டிக்கெட்டை வீணாக்க மாட்டான். தங்கிவிட்டேன். எங்கள் பக்கத்தில் எலும்பு முறிந்தால் புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொள்வோம். இதற்கு எந்த ஊருக்குப் போவது என்று யோசித்தபடி படுத்திருந்தேன்.

அறையில் கூட இருந்தவர் பதினொரு நூல்கள் வெளியிட்டவர். மதியத்திலிருந்தே அவர் பக்கம் திரும்பவே எனக்குக் கூச்சமாக இருந்தது. விளக்கை அணைத்த பிறகும் அவர் தூங்கவில்லை. எழுந்து பையைத் திறந்து கொண்டுவந்த புத்தகங்களை எண்ணினார். மறுபடி எண்ணினார். பிறகு இருட்டில், "சார், உங்க கதையைப் பத்தி ஒருத்தராவது ஒரு கேள்வி கேட்டார். இருபது வருஷமா என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை" என்றார். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. ஒரு புத்தகம் விலைக்கு வாங்கிக்கொண்டேன். நல்ல புத்தகம்தான்.

ஊர் திரும்பியதும் அசோகமித்திரனின் 'ஒற்றன்!' நாவலைத் தேடி எடுத்து மறுபடி படித்தேன். அவர் செகந்தராபாத்தில் ரயில்வேக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதால் எனக்கு ஒரு சொந்தம். 1973-ல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் பல நாட்டு எழுத்தாளர்களை அழைத்துச் சில மாதங்கள் தங்க வைத்தது. அதில் இவரும் ஒருவர். அந்த அனுபவம்தான் நாவல். நம் சங்கத்து இளைஞர்களுக்கு நான் சிபாரிசு செய்வேன். அங்கே வருகிற பெரிய பெரிய எழுத்தாளர்கள் இலக்கியம் பேசுவதைவிடக் குளிரிலும் தனிமையிலும் தவிப்பதுதான் அதிகம். பெரு நாட்டு எழுத்தாளர் ஒருவர் எழுதப்போகும் நாவலுக்கு வரைபடமே போட்டு வைத்திருக்கிறார். டிராயிங் போர்டு முன்னால் நின்ற எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடித்தது. கதை சொல்கிறவர் எங்கேயும் தன்னைப் பெரிய ஆளாகக் காட்டிக்கொள்வதில்லை. அந்தத் தயக்கத்தை வைத்தே ஒரு நாவல் எழுதிவிட்டார். 1996-ல் சாகித்ய அகாதமி பரிசு பெற்றவர் நிலை இது.

கி.ராஜநாராயணனின் கதை இன்னும் நமக்குப் பக்கம். வீட்டு மொழி தெலுங்கு. பள்ளிப் படிப்பு அதிகமில்லை. இடைசெவலில் விவசாயம். முப்பது வயதுக்கு மேல்தான் எழுத வந்தார். கரிசல் காட்டு ஜனங்கள் பேசுகிற மாதிரியே எழுதினார். அந்தப் பேச்சுச் சொற்களைத் திரட்டி ஒரு அகராதியே போட்டார். தெலுங்கு பேசும் குடும்பங்கள் தெற்கே வந்து குடியேறிய கதையைத்தான் 'கோபல்ல கிராம'த்திலும் 'கோபல்லபுரத்து மக்க'ளிலும் எழுதினார். இரண்டாவதற்கு 1991-ல் அகாதமி பரிசு. புதுவைப் பல்கலைக்கழகம் அவரை அழைத்து வருகைதரு பேராசிரியராக உட்கார வைத்தது. இவர் 'என் தமிழில் தெலுங்கு வாடை அடிக்குமே' என்று சும்மா இருந்திருந்தால் நமக்கு அந்தப் புத்தகங்கள் இல்லை.

இதைச் சொல்லி, பேராசிரியர் கேட்டது தப்பு என்று நான் வாதாட வரவில்லை. அவர் கேட்டது சரி. என் கதையின் கடைசி வரி நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு நேர் எதிராகப் புரிந்திருக்கும். அது என் குறைதான். கேங்மேன் பேச்சில் அந்தச் சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு, அவன் பணத்தைத் திருப்பி இன்ஜினியர் கையில் வைப்பதாக ஒரு வரி சேர்த்தேன். கதை முன்னைவிட நன்றாக இருக்கிறது. பயந்து ஓடியிருந்தால் இது நடந்திருக்காது. புதுத் தண்டவாளம் போட்டு ஜல்லி இட்டால் முதல் வண்டியை 20 கிலோமீட்டர் வேகத்தில்தான் விடுவோம். வண்டிகள் போகப் போகத்தான் ஜல்லி இறுகும், வேகத்தைக் கூட்டுவோம். வண்டியே விடாமல் பூட்டி வைத்தால் பாதை இறுகாது. எழுத்தும் அப்படித்தான் என்று எனக்குப் படுகிறது.

ஆனால் என்னை உண்மையில் உறுத்துவது மாநாடு அல்ல.

ஹைதராபாத்தில் என் மகன் வீட்டில் பதினொரு வயதுப் பேத்தி இருக்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன் நம் இதழின் சிறுவர் பகுதிக்காக ஒரு பக்கம் எழுதி என்னிடம் காட்டினாள். 'பாட்டி ஊரிலிருந்து வந்தது' என்று ஆரம்பம். பாட்டியை அஃறிணையில் எழுதிவிட்டாள், தெலுங்குப் பழக்கம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். போதாதென்று அவள் அப்பா, அம்மா, பக்கத்து வீட்டுக்காரர் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். செல்லமாகத்தான். அவள் தாளை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு தமிழில் ஒரு வரி எழுதவில்லை. நாங்களும் கவனிக்கவில்லை.

மாநாட்டிலிருந்து வந்த பிறகு ஒருநாள் கேட்டேன், மறுபடி எழுதேன் அம்மா என்று. "வேண்டாம் தாத்தா, நீங்க சிரிப்பீங்க" என்றாள்.

நம் வீடுகளில் இப்படி எத்தனை தாள்கள் உள்ளே போயிருக்கின்றன என்று நினைத்துப் பாருங்கள். பிள்ளைகளுக்குத் தமிழ் வரவில்லை என்று ஒவ்வொரு பொதுக்குழுவிலும் வருத்தப்படுகிறோம். வருகிற தமிழைச் சிரித்து விரட்டியது யார் என்று பேசுவதில்லை.

எனவே ஒரு வேண்டுகோள். நம் ஆண்டு விழாவில் சிறப்பு விருந்தினர் உரைக்கும் பொன்னாடைக்கும் மூன்று மணி நேரம் போகிறது. அதில் ஒரு மணி நேரத்தை உறுப்பினர்களுக்கும் பிள்ளைகளுக்கும் கொடுங்கள், அதுவும் தொடக்கத்தில், கூட்டம் கலையும் முன்பு. கதை, கடிதம், பாட்டி செய்த பலகாரக் குறிப்பு, எதுவானாலும் எழுதியதை வாசிக்கட்டும். பிழை இருந்தால் தமிழ் தெரிந்த இருவர் பென்சிலால் குறித்து, விழா முடிந்த பின் தனியாகக் கொடுக்கட்டும். மேடையில் வேண்டாம். முதலில் வாசிக்க யாரும் முன்வராவிட்டால் நான் வருகிறேன், அவசரமில்லை கதையோடு. பேத்தியிடமும் கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள்.

அழைப்பிதழ் அச்சுக்குப் போவதற்கு முன் செயற்குழு இதைப் பேசி முடிவு செய்தால் நல்லது.