மூடிய ஜன்னலும் பவளத் தொட்டியும்

பவளம் வளர்க்கிற கண்ணாடித் தொட்டிக்கும் நம் பக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இதில் சுண்ணாம்பு வருகிறது, ஆப்ப சோடா வருகிறது, பச்சைக் குழந்தை தூங்குகிற அறையின் காற்றும் வருகிறது. அப்புறம் இது நம் விஷயம் இல்லாமல் வேறு யாருடையது?

பெண்ணின் பிரசவத்துக்காக நியூ ஜெர்ஸிக்கு வந்து ஏழு வாரம் ஆகிறது. வெளியே பனி. மாப்பிள்ளை கூடத்தில் 280 லிட்டர் கொள்ளும் உப்புத் தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிறார். இரண்டு கோமாளி மீன்கள், மற்றதெல்லாம் பவளம். பார்க்கக் கல் மாதிரி இருந்தாலும் பவளம் கல் இல்லை. சின்னஞ்சிறு பிராணிகளின் கூட்டம். தண்ணீரிலிருந்து கால்ஸியத்தையும் கார்பனேட்டையும் எடுத்து, தனக்குத் தானே எலும்பு மாதிரி கூடு கட்டிக் கொள்கிறது. தண்ணீரின் பி.ஹெச். இறங்கினால் அந்தக் கட்டுமானம் சிரமமாகி விடும்.

பி.ஹெச். என்பது அமிலமா காரமா என்று காட்டும் எண். 7 நடு. கடல் தண்ணீர் சுமார் 8.1. இவர் தொட்டி கோடையில் 8.2 வரை இருந்ததாம். நான் வந்த பிறகு, விடியற்காலையில் 7.7! "புள்ளி நாலு, ஐந்துதானே" என்று அலட்சியமாக நினைக்கக் கூடாது. 0.3 இறங்கினாலே அமிலத் தன்மை இரண்டு மடங்கு ஆகிறது. பவளத்தின் நுனியில் புது வளர்ச்சி வெள்ளையாகத் தெரிய வேண்டும். அது தெரியவே இல்லை. மாப்பிள்ளை முகம் வாடிப் போயிற்று. மீட்டர் பழுதோ என்று 7, 10 அளவுத் திரவங்களில் வைத்துப் பார்த்தார். மீட்டர் சரியாகத்தான் இருந்தது.

கடையில் பி.ஹெச். ஏற்றும் பவுடர் விற்கிறார்கள். அதைப் போட்டால் இரண்டு மணி நேரம் ஏறும், மறுபடி பழைய குருடி கதவைத் திறடி! நடுவில் காரச் சத்து மட்டும் 8 டிகிரியிலிருந்து 11-க்கு மேல் போய் விட்டது. அது ஏறிக் கொண்டே போனால் பவள நுனி கருகும். ஒரு சிநேகிதர் ஆப்ப சோடா போடச் சொன்னார். அதுவும் காரச் சத்தைத்தான் கூட்டும், பி.ஹெச்.சை ஏற்றாது, முதலில் துளி இறக்கவும் செய்யும்.

"அத்தை, கோளாறு தண்ணியில இல்ல, காத்துல இருக்குன்னு நினைக்கிறேன்" என்றார் ஒரு நாள். அதைக் கண்டுபிடிக்கிற சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது. தொட்டித் தண்ணீர் இரண்டு டம்ளர். ஒன்றுக்குள் சின்ன ஏர் பம்ப் வைத்து வீட்டுக் காற்றை ஒரு மணி நேரம் குமிழி விட்டோம். இன்னொன்றுக்குப் பம்ப்பை ஜன்னலுக்கு வெளியே திட்டில் வைத்து, குழாயை மட்டும் உள்ளே விட்டோம். வீட்டுக் காற்று பட்ட டம்ளர் 7.75. வெளிக் காற்று பட்டது 8.1!

விளக்கம் சுலபம். தண்ணீர் தன்னைச் சுற்றியுள்ள காற்றில் இருக்கும் கரியமில வாயுவை வாங்கிக் கொள்கிறது. அது தண்ணீரில் கரைந்தால் கார்பானிக் அமிலம். பகலில் விளக்கு வெளிச்சத்தில் பாசிகள் இந்த வாயுவை உண்டு தீர்க்கும். இரவில் அதுவும் இல்லை. அதனால்தான் விடியற்காலையில் எண் அடிமட்டத்துக்குப் போகிறது. முன்பு இரண்டு பேர் இருந்த வீட்டில் இப்போது நான், என் வீட்டுக்காரர், குழந்தை எல்லாரும் மூச்சு விடுகிறோம். பத்தியச் சமையலும் வெந்நீருமாக காஸ் அடுப்பு அணைவதே இல்லை. அடுப்புக்கு மேலே உள்ள விசிறியோ காற்றை வெளியே தள்ளாமல், வடிகட்டி மறுபடி உள்ளேயே விடுகிற ரகம். குளிருக்குப் பயந்து ஜன்னல் எல்லாம் இறுக்கி மூடியாயிற்று. வெப்பம் தரும் இயந்திரமும் உள்ளே இருக்கும் காற்றையேதான் சுற்றிச் சுற்றி விடுகிறது. நம் ஊர் ஸ்ப்ளிட் ஏ.ஸி.யும் இதே மாதிரிதான் என்பதை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள்.

கரியமில வாயு அளக்கும் மீட்டர் ஒன்று வாங்கினார். வெளியே பத்து லட்சத்தில் 430 பங்கு. சமையல் வேளையில் கூடத்தில் 1,400. கதவு சாத்திய படுக்கையறையில் விடிகாலை 2,000-க்கு மேல். என் பெண் தினமும் தலை கனக்கிறது என்று சொல்லிக் கொண்டிருந்ததும் அந்த அறையில்தான். இந்த அளவு விஷம் இல்லை, பயப்பட வேண்டாம். காற்று மாறவே இல்லை என்பதற்கு அடையாளம். (உயிரை எடுக்கும் கார்பன் மோனாக்ஸைடு வேறு. அதற்குத் தனி அலாரம் உண்டு. இரண்டையும் குழப்பிக் கொள்ளாதீர்கள்.)

"ஜன்னலைத் திறந்துடலாமா அத்தை?" என்றார்.

"பச்ச உடம்புக்காரி இருக்கிற அறையில வேண்டாம் மாப்பிள்ளை. அடுக்களையில திறங்க" என்றேன்.

அப்படியே ஏற்பாடு ஆயிற்று. தாயும் பிள்ளையும் ஓர் அறையில் இருக்கும்போது மற்ற அறைகளின் ஜன்னல் காலையும் மாலையும் இருபது நிமிஷம் திறந்திருக்கும். பிறகு இவர்கள் கூடத்துக்கு வந்ததும் அந்த அறைக்கு முறை. இரவில் படுக்கையறைக் கதவை ஒருக்களித்து வைக்கிறோம். தொட்டிக்குக் கீழே ஸ்கிம்மர் என்று ஒரு கருவி. காற்றுக் குமிழிகளால் அழுக்கை நுரையாக எடுக்கிறது. அது காற்று இழுக்கும் குழாயை ஜன்னல் சட்டத்தின் இடுக்கு வழியாக வெளியே நீட்டி விட்டார். இதுதான் பெரிய மருந்து. பத்தே நாளில் விடியற்கால எண் 7.95, பகலில் 8.2. பெண்ணின் தலைக் கனமும் குறைந்தது.

குழாய் நீட்ட வசதி இல்லாதவர்கள், அந்தக் குழாயில் ஸோடா லைம் குருணை நிரப்பிய டப்பாவைப் பொருத்துகிறார்கள். ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்துக் கருவியில் கரியமில வாயுவை உறிஞ்ச வைப்பதும் இதே சரக்குதான். நிறம் மாறினால் தீர்ந்தது என்று அர்த்தம். செலவு பிடிக்கும். இன்னும் சிலர் தொட்டிக்குப் பின்னால் பச்சைப் பாசி வளர்த்து, பவளத்துக்கு விளக்கு அணைந்ததும் பாசிக்கு விளக்குப் போடுகிறார்கள்.

கடைசியாகச் சுண்ணாம்புத் தெளிவு! பள்ளிக்கூடத்தில் அதில் ஊதினால் பால் மாதிரி ஆகுமே, அதேதான். மூச்சில் உள்ள கரியமில வாயுவைப் பிடித்துக் கொள்கிறது. இவர்கள் அதை ஜெர்மன் மொழியில் கால்க்வாஸர் என்கிறார்கள். அர்த்தம் என்னவோ சுண்ணாம்புத் தண்ணீர்தான். சுத்திகரித்த தண்ணீர் லிட்டருக்கு அரை டீஸ்பூன் சுண்ணாம்புப் பொடி கலக்கி, தெளிய வைத்து, தொட்டியில் ஆவியாகிப் போன தண்ணீருக்குப் பதிலாக இரவில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். பி.ஹெச்.சும் ஏறும், கால்ஸியமும் கிடைக்கும். மொத்தமாக ஊற்றினால் மீன் செத்துப் போகும், அதன் பி.ஹெச். 12-க்கு மேல். பாத்திரத்தை மூடி வையுங்கள், இல்லாவிட்டால் காற்றுப் பட்டு மேலே ஏடு கட்டிச் சத்து போய் விடும். வெற்றிலைச் சுண்ணாம்பு வேண்டாம், தொட்டிக்கென்றே விற்கும் சுத்தமான பொடிதான் வேண்டும். பொடி கண்ணில் பட்டால் ஆபத்து. கோதுமை மாவு டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்ததை நான்தான் எடுத்துப் பரண் மேல் வைத்தேன். தவழப் போகிற பிள்ளை இருக்கிற வீடு!

இந்தியாவில் இருக்கும் வாசகிகளுக்கு ஒரு வார்த்தை. மன்னார் வளைகுடாவில், தூத்துக்குடிப் பக்கம், ஒரு காலத்தில் பவளப் பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்காகக் கொண்டு போனார்கள். 2001-லிருந்து கடினப் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம். யாராவது வீட்டு வாசலில் உயிர்ப் பவளம் கொண்டு வந்தால் வாங்காதீர்கள். மீன் மட்டும் வளர்க்கிற உப்புத் தண்ணீர்த் தொட்டி வைத்திருந்தால், டம்ளர் சோதனையை அப்படியே செய்து பார்க்கலாம், ஏ.ஸி. ஓடுகிற அறை என்றால் விடிந்ததும் விளக்குப் போடுவதற்கு முன்னால் அளவெடுங்கள்.