பச்சைக் குழந்தை செய்த பாவம் என்ன?

பிறந்து பத்து நாளான குழந்தை. நாலு வாய் பால் உறிஞ்சுவதற்குள் மூச்சு வாங்குகிறது, நெற்றி வேர்க்கிறது, அழுதால் உதடும் நாக்கும் நீலம் பாரிக்கின்றன. இதைக் கண்டவுடன் நம்மவர்கள் செய்யும் முதற்காரியம், ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஜோசியரிடம் ஓடுவதேயாகும். அவர் பாலாரிஷ்டம் என்பார். புரோகிதர் பூர்வ ஜன்மத்துப் பாவம் என்பார். மாமியாரோ, கிரகணத்தன்று இவள் வெளியே வந்தாள் என்று மருமகள்மேல் பழியைப் போட்டுவிடுவாள். ஆகவே குழந்தையும் பாவி, தாயும் பாவி. தட்சணை வாங்கிக்கொண்டு போகிறவர் மாத்திரம் புண்ணியவான்!

ஒரு சாதாரண மாஜிஸ்ட்ரேட்கூட, குற்றம் இன்னதென்று சொல்லாமல் ஒருவனைத் தண்டிப்பதில்லை. வாய் பேசாத சிசுவைக் காரணம் சொல்லாமலே தண்டிக்கிற கடவுளுக்கு நீதிமான் என்ற பட்டம் எதற்கு என்று கேட்கிறோம்.

உண்மை என்ன? கருத்தரித்த முதல் எட்டு வாரங்களுக்குள்ளாகவே இருதயம் உருவாகிவிடுகிறது. முதலில் அது ஒரு குழாய். பிறகு வளைந்து, நடுவே சுவரெழும்பி நான்கு அறைகளாகிறது. சுவர் முழுதும் மூடாவிட்டால் துவாரம். வழி குறுகினால் அடைப்பு. இரு பெருங்குழாய்கள் இடம் மாறினால் பெரும் ஆபத்து. கிரகணம் பார்க்கிற நாட்டிலும் பார்க்காத நாட்டிலும் 100 குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்று இப்படிப் பிறக்கிறது. பலவற்றுக்குக் காரணம் இன்னும் தெரியவில்லை என்று விஞ்ஞானிகள் நாணயமாய் ஒப்புக்கொள்கிறார்கள். தெரிந்தவை சில: கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் தாய்க்கு வரும் ருபெல்லா அம்மை, கட்டுக்கடங்காத நீரிழிவு, மது, சில மருந்துகள், நெருங்கிய இரத்த உறவில் கலியாணம். அக்காள் மகளைக் கட்டப் பத்துப் பொருத்தம் பார்த்துக் கொடுத்த ஜோசியர் இதைப்பற்றி ஒரு வார்த்தை எச்சரித்ததுண்டா? பன்னிரண்டு கட்டம் போடத் தெரிந்தவருக்கு, நான்கு அறை இருதயம் மாத்திரம் தெரியாமற் போயிற்று!

நீலம் பாரித்த குழந்தைகளைக் காக்க வழி கண்டவர்கள் யார்? அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில், 1944 நவம்பர் 29ந் தேதி, நீலம் பாரித்த ஒரு குழந்தைக்கு டாக்டர் பிளாலக் ரணசிகிச்சை செய்தார். கைக்குப் போகும் இரத்தக் குழாயை நுரையீரல் குழாயோடு இணைக்கும் சிகிச்சை அது. யோசனை சொன்னவர் ஹெலன் டாஸிக் என்ற பெண் டாக்டர். செவி கேளாமையால் விரல் வைத்தே இருதயத் துடிப்பை அறிந்தவர். நாய்களிடம் செய்து பார்த்து முறையை வகுத்தவர் விவியன் தாமஸ் என்ற கறுப்பர். அடிமையாயிருந்தவரின் பேரன், தச்சு வேலை செய்தவர். சிகிச்சையின்போது பிளாலக்கின் பின்னால் நின்று, தையல் போடும் வகையைச் சொல்லிக்கொடுத்தவர் அவரே. ஆனால் 1945இல் வெளியான கட்டுரையில் அவர் பெயரே இல்லை! கௌரவ டாக்டர் பட்டம் அவருக்குக் கிடைத்தது 1976இல்தான். நிறபேதம் அங்கேயும் ஜாதிபேதம்போலவே வேலை செய்திருக்கிறது. அந்த முதற் குழந்தை சில மாதங்களில் இறந்துபோயிற்று. எனினும் திறந்த வழியில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் பிழைத்தன.

இனி பரிகாரத்தின் மகிமையைப் பாருங்கள். சிறு துவாரங்களில் பல தாமாகவே மூடிக்கொள்கின்றன. மூடினால் பெருமை ஹோமத்துக்கு. மூடாமல் குழந்தை மாண்டால் பழி தாயின் விதிக்கு. இரு பெருங்குழாய்களும் இடம் மாறிய குழந்தைக்கோ பிறந்த சில நாட்களுக்குள்ளேயே சிகிச்சை தொடங்கவேண்டும். நல்ல நாள் பார்த்துக் காத்திருக்கும் ஒரு வாரத்திலேயே அக்குழந்தை போய்விடலாம்.

விரலிலோ காலிலோ ஒரு சிறு கருவியை மாட்டி, இரத்தத்தில் பிராணவாயு எவ்வளவென்று வலியில்லாமல் சில நிமிஷத்தில் பார்த்துவிடலாம். பிரசவ ஆஸ்பத்திரியை விட்டு வருமுன் அதைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். பால் குடிக்கும்போது வேர்த்தாலும், எடை ஏறாவிட்டாலும், அடிக்கடி மார்ச்சளி கண்டாலும் டாக்டரிடம் ஓடுங்கள். ஜாதகம் வீட்டிலேயே இருக்கட்டும்.